'உறிஞ்சுதல்' வேண்டாம், 'மேற்பற்று' என்போம்

வணக்கம்.

பலாச்சக்கைக் கரியால் நீரிலுள்ள ஈயம், காட்மியம், செம்பு ஆகியவற்றை நீக்குவது பற்றிய கட்டுரையில் 'அட்சார்ப்ஷன்' (ஒரு பொருள் இன்னொன்றின் மேற்பரப்பில் ஒட்டி நிற்றல்) என்பதை 'உறிஞ்சுதல்' என்றே எழுதிவிடலாம் என்று நண்பர் ஒருவர் கூறியிருந்தார். உறிஞ்சுதல் என்றால் உள்ளே ஊறிக் கலப்பது என்றாகிவிடும் என்பதால் அதை என்னால் ஏற்க இயலவில்லை.

கடலூரில் வேதியியல் கற்பித்த காலத்தில், பண்ருட்டி மண்டியில் கழித்துப் போட்ட பலாவின் முட்தோலையும் சுளைகளுக்கு இடையிலுள்ள சடையையும் கொண்டுவந்து உலர்த்தி, இறுக மூடிய தகர டப்பாவில் சுட்டுக் கரியாக்கி, சாம்பலின் காரம் நீங்கும்வரை கழுவி வைத்துக்கொள்வேன். மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கரைத்த வெளிர்நீல நீரில் அந்தத் தூளை இட்டுக் குலுக்கி, ஒரு மணி நேரம் கழித்து வடிகட்டினால் நீலம் மங்கியிருக்கும். கரியை நல்ல நீரில் அலசினால் நீலம் திரும்பாது. சிறிதளவு நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவைத்தால் திரும்பும். செம்பு கரிக்குள் ஊறிக் கலந்துவிடவில்லை என்பதை மாணவர்கள் கண்ணாலேயே கண்டார்கள். அது துளைச்சுவர்களிலுள்ள கார்பாக்சில் போன்ற அணுத்தொகுதிகளில் ஒட்டி நின்றது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் வந்து அந்த இடத்தைப் பிடித்ததும் விலகியது.

நம் பாடநூல்களின் 'பரப்புக் கவர்தல்' பொருளில் பிழையற்றது. ஆனால் அதிலிருந்து கிளைச்சொற்களை ஆக்கும்போது நீண்டு தடுமாறுகிறது. ஈழத்து வழக்கான 'புறத்துறிஞ்சல்' அழகிய சொல்தான் என்றாலும், விலக்க வேண்டிய உறிஞ்சலே அதற்குள் இருக்கிறது.

துணியில் கறை பற்றுகிறது, இரும்பில் துரு பற்றுகிறது, நெற்றியில் பற்றுப் போடுகிறோம், கழுவ வேண்டியதைப் பற்றுப் பாத்திரம் என்கிறோம். மேலே ஒட்டி நிற்பதற்கு வீட்டிலேயே சொல் இருக்கிறது. முதலில் 'புறப்பற்று' என எண்ணினேன். துறவைப் பேசும் உரைகளில் அது 'எனது' என்னும் பற்றைக் குறிப்பதால் கைவிட்டு, 'மேற்பற்று' என்பதை முன்வைக்கிறேன்.

துளைகள் உள்ளே இருக்க 'மேல்' எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். துளையின் சுவரும் பரப்பே. துளைகள் பெருகும்படி செறிவாகக் கிளர்வூட்டிய கரியில் ஒரு கிராமுக்கு 500 சதுர மீட்டருக்கு மேலும் பரப்பு இருப்பது அத்துளைகளால்தான்.

கறைதான் துணியில் பற்றும், துணி கறையைப் பற்றாது. ஆகவே உலோகம் 'பற்றுபொருள்', கரி 'பற்றுதளம்', உலோகம் ஒட்டும் புள்ளி 'பற்றிடம்', அமிலத்தில் நிகழ்ந்தது 'பற்றுவிடல்'. அமிலம் மிகுந்த கழிவுநீரில் ஹைட்ரஜன் அயனிகள் பற்றிடங்களை முன்னரே பிடித்துக்கொள்வதால் ஈயமும் காட்மியமும் குறைவாகவே பற்றும் என்று இச்சொற்களால் ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறது.

1881-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிச் கைசர் இக்கருத்துக்குச் சொல் தேடியபோது, உறிஞ்சுதலைக் குறிக்கும் 'அப்சார்ப்ஷன்' என்பதன் முன்னொட்டை மட்டும் மாற்றிய வடிவமே வழக்குக்கு வந்தது. நாம் அந்த முன்னொட்டு மாற்றத்தைப் பின்தொடர வேண்டிய கட்டாயம் இல்லை. வரவு செலவுக் கணக்கில் வரும் 'பற்று' இதனோடு குழம்பும் எனக் கருதுவோர் இருந்தால், எந்த வாக்கியத்தில் குழம்புகிறது என்று எழுதிக் காட்டுங்கள். சொல்லைத் திருத்திக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறேன்.