எல்எஸ்50 மெட்டாவுக்கு இசைக்கான சப்வூஃபர்: பெரியது ஒன்றா, சிறியது இரண்டா?

செவிக்குணவு:
வணக்கம். ஸ்பீக்கர் கெஃப் எல்எஸ்50 மெட்டா. கிளாஸ் ஏபி இன்டகிரேட்டட் ஆம்ப், ப்ரீ-அவுட் (வால்யூமுக்குப் பின் சிக்னலை வெளியே எடுக்கும் முனை) உண்டு. அறை 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், டைல்ஸ் தரை. இப்போதுள்ள சப் (தாழ்ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) 10 அங்குலம், போர்ட் (பெட்டியில் காற்றுத் துளை) வைத்த ஹோம் தியேட்டர் வகை. முன்மூலையில் இருக்கிறது, கிராஸ்ஓவர் (சப் எதுவரை ஒலிப்பது என்ற எல்லை) 100 ஹெர்ட்ஸ். சோபா அறைக்கு நட்டநடுவில்.

மிருதங்கத்தின் தொப்பி அடி அடங்காமல் இழுத்துக்கொண்டே போகிறது. டபுள் பேஸின் அடித்தந்தியோ கேட்கவே இல்லை. கச்சேரிப் பதிவுகளும் ஜாஸும்தான் கேட்பது, படம் பார்ப்பதில்லை. 12 அங்குல சீல்டு (துளையில்லாத மூடிய பெட்டி) சப் ஒன்று வாங்கலாமா, சிறியதாக இரண்டா?

தாழ்சுருதி:
கடைக்குப் போகும் முன் சோபாவை நகர்த்துங்கள். 565ஐ அறையின் நீளத்தால் (அடியில்) வகுத்தால் அந்த நீளத்தின் முதல் ஒத்ததிர்வு (அறையே பெருக்கிவிடும் அதிர்வெண்) கிடைக்கும். 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு 51. இரண்டுக்குமே அறையின் நடுப்பகுதியில் அழுத்தம் மிகக் குறைவு. அதே இடத்தில் அவற்றின் இரட்டிப்பான 80உம் 103உம் உச்சத்தில் நிற்கும். டபுள் பேஸின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், அதனால்தான் காணவில்லை. தொப்பி இழுப்பதும் பெரும்பாலும் அந்த 80, 103 வேலைதான். மூலையில் வைத்த சப் எல்லா ஒத்ததிர்வுகளையும் முழுசாகக் கிளப்பிவிடுகிறது.

பின்சுவரிலிருந்து தலை 5 அடியில் இருக்கும்படி உட்காருங்கள். 40 திரும்பி வரும், 80 தணியும். ஈக்வலைசரால் மேட்டை வெட்டலாம். பள்ளத்தை நிரப்ப முடியாது, ஆம்ப் திணறுவதுதான் மிச்சம்.

சப்புக்கு இடம் தேட எளிய வழி: சப்பை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எல்லா சுரமும் ஒரே அளவில் கேட்கிற இடம்தான் சப்பின் இடம்.

ஓம்விதி:
மேலே சொன்னது சரி. ஆனால் 100 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவரையும் விடக்கூடாது. எல்எஸ்50 மெட்டா 79 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபலுக்குள் நிற்கும். உங்கள் ஆம்பில் ஹை-பாஸ் (தாழ்ஒலி ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்கும் வடிகட்டி) இல்லையென்றால் ஸ்பீக்கரும் சப்பும் 70 முதல் 100 வரை ஒரே வேலையைச் செய்கின்றன, குமுறல் இரட்டிப்பாகிறது.

இரண்டு வழி உண்டு. ஹை-பாஸ் இல்லாமல் விட்டால் சப்பை 50–60இல் வெட்டுங்கள். ப்ரீ-அவுட்டுக்கும் பவர் ஆம்ப் பகுதிக்கும் நடுவே (பவர் ஆம்புக்கு நேராகப் போகும் மெயின்-இன் உள்ளீடு இருந்தால் மட்டும்) மினிடிஎஸ்பி 2x4 எச்டி போன்ற டிஜிட்டல் ஒலிச் செயலிப் பெட்டி வைக்க முடிந்தால், இரண்டுக்கும் 80இல் வெட்டுங்கள். என் தேர்வு இரண்டாவதுதான். அதே சத்தத்துக்கு ஒரு ஆக்டேவ் (பாதி அதிர்வெண்) கீழே போனால் கூம்பு நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும். 5.25 அங்குல டிரைவரிடமிருந்து அந்தச் சுமையை எடுத்தாலே குரல் தெளியும்.

தேர்வுக்கு வந்தால், இசைக்கு சீல்டுதான். கீழே ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரிவு, அறை தரும் ஏற்றத்தோடு ஒத்துப்போகும். போர்ட் வகை சுமார் 24 டெசிபல் சரிவு. போர்ட் அதிர்வெண் அருகே ஒலி நின்று அடங்க நேரமெடுக்கும். எஸ்விஎஸ் எஸ்பி-1000 ப்ரோ (12 அங்குலம், 325 வாட்) ஆப்பிலேயே ஈக்வலைசர் தருகிறது. ரெல் டி/9எக்ஸ் (10 அங்குல டிரைவர், அடியில் 10 அங்குல பேசிவ் ரேடியேட்டர், அதாவது பெட்டிக் காற்றால் மட்டும் அசையும் கூம்பு, 300 வாட்) சுத்தமான சீல்டு அல்ல, ஆனால் ஸ்பீக்கர் முனையிலிருந்தே சிக்னல் எடுக்கும். ஒருவர் மட்டும் ஒரே இடத்தில் கேட்பதென்றால் ஒன்று போதும். சோபாவில் மூன்று பேர் என்றால், அதே பணத்துக்குச் சிறியது இரண்டு: முன்சுவர் நடுவில் ஒன்று, பின்சுவர் நடுவில் ஒன்று. 40உம் 51உம் கிளம்பவே கிளம்பாது.

செவிக்குணவு:
மெயின்-இன் உண்டு. சோபாவை நகர்த்தியதும் அடித்தந்தி கேட்கிறது, நன்றி. ஃபேஸ் (சப்பும் ஸ்பீக்கரும் ஒன்றாக அசைகின்றனவா என்பது) எப்படிச் சரிபார்ப்பது?

தாழ்சுருதி:
யூமிக்-1 என்ற அளவீட்டு மைக்கை உங்கள் காது இருக்கும் இடத்தில் வையுங்கள். ஆர்ஈடபிள்யூ என்ற அளவீட்டு மென்பொருள் இலவசம்தான், அதில் 15 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (ஏறிக்கொண்டே போகும் ஒலி). சப்பின் போலாரிட்டியை (பிளஸ்-மைனஸ் திசையை) வேண்டுமென்றே தலைகீழாக்கி, 80இல் பள்ளம் மிக ஆழமாகும் வரை டிலேயை நகர்த்துங்கள். பிறகு போலாரிட்டியை நேராக்குங்கள். அந்த ஆழப் பள்ளம்தான் இரண்டும் ஒன்றாக வந்து சேர்வதற்குச் சாட்சி.

டிஎஸ்பி (டிஜிட்டல் ஒலிச் செயலி) உள்ள சப் சில மில்லிசெகண்ட் பிந்தித்தான் பேசும். அதை முன்னால் இழுக்க வழியில்லை. ஸ்பீக்கர்களைத்தான் பிந்தவைக்க வேண்டும், ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர் கணக்கு.

ஓம்விதி:
வயரிங்கில் இரண்டு எச்சரிக்கை. டேப்-அவுட்டில் (பதிவு செய்வதற்கான வெளியீட்டில்) சப்பை மாட்டாதீர்கள், வால்யூம் அதைக் கட்டுப்படுத்தாது. ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுக்கும் சப்பாக இருந்து, பின்னால் ஆம்பை பிரிட்ஜ் அல்லது பேலன்ஸ்டு கிளாஸ் டி வகைக்கு (நெகட்டிவ் முனையிலும் சிக்னல் ஓடும் வகைக்கு) மாற்றினால், சப்பின் கறுப்பு வயர் நெகட்டிவ் முனைக்குப் போகக்கூடாது, சேசிஸ் எர்த்துக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஆம்ப் போய்விடும்.

'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் சப்பையும் ஆம்பையும் ஒரே பிளக் போர்டில் மாட்டிப் பாருங்கள், டிவி கேபிளைக் கழற்றிப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள்.