உதவி: சீனன்குடா கேச், மேப்பில் கந்தளாய்க் காட்டுக்குள் நிற்கிறது

உப்புவெளிப் பெடியன்:
ஜியோகேச்சிங்குக்குப் புதுசு, அதுதான் ஒளித்து வைத்த சின்னப் பெட்டியை ('கேச்') ஜிபிஎஸ் இலக்கம் பார்த்துத் தேடுகிற விளையாட்டு. திருகோணமலை சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் பக்கம் ஒரு கேச் இருக்கிறது. இலக்கத்தை மேப்பில் போட்டால் கந்தளாய்க்கு அங்கால காட்டுக்குள் காட்டுகிறது. போன் பிழையா? மச்சான் மோட்டார் சைக்கிளோடு வாசலில் நிற்கிறான், கெதியாகச் சொல்லுங்கோ.

ஆலங்கேணி அக்கா:
எந்தச் செயலி தம்பி? இலக்கத்தை அப்படியே இங்கே போடுங்கோ. குறிப்பு ஏதும் எழுதியிருக்கிறார்களா?

உப்புவெளிப் பெடியன்:
சாதாரண போன்தான் அக்கா. கூகுள் மேப்.

பழைய இரும்பு:
போன் பிழை இல்லை, குதங்கள்தான் காரணம். 99 தாங்கி, அத்தனையும் இரும்புத் தகடு. கிட்டப் போனாலே திசைகாட்டி பேய் பிடித்த மாதிரிச் சுற்றும். போனை எட்டுப் போட்டுச் சுழற்றிப் பாருங்கள்.

கொட்டியாரக்காரன்:
அண்ணை, அவர் இன்னும் உப்புவெளியில் வீட்டு வாசலில் நிற்கிறார். அங்கே வரைக்கும் இழுக்கிற இரும்பா? இரும்பு குழப்புவது போனுக்குள் இருக்கும் காந்தத் திசைகாட்டியை, அம்புக்குறி வேறு பக்கம் திரும்பும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் இருந்து வரும் வானொலி அலை. பெரிய தகட்டில் பட்டுத் தெறித்து வந்தால் சில பத்து மீட்டர் பிசகலாம். கந்தளாய்க்குப் போகாது.

திசைகாட்டி:
கேள்வி கேட்க முதல் கொஞ்சம் வாசித்துவிட்டு வரலாமே. 2000 மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிசகை நிறுத்திய அதே வாரத்தில் தொடங்கிய விளையாட்டு இது, இன்னும் அடிப்படை தெரியாமல் வருகிறார்கள். கேச் இலக்கம் பாகையும் நிமிடமுமாக வரும். 8° 33.600' என்பதை 8.336 என்று தட்டினால் இப்படித்தான். 33.6ஐ 60ஆல் வகுத்தால் 0.56, ஆக 8.56. வித்தியாசம் கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். கிழக்கு இலக்கத்துக்கும் அதே கதை. ஐந்தாம் ஆண்டுக் கணக்கு.

ஆலங்கேணி அக்கா:
கணக்குச் சரி, கடைசி வரி தேவையில்லை. தம்பி, வகுக்கவே வேண்டாம். 8 எழுதி இடைவெளி விட்டு 33.600, பிறகு காற்புள்ளி, 81க்கும் அப்படியே. கூகுள் தானே விளங்கிக்கொள்ளும்.

நிலாவெளி வாசி:
அது கிடக்கட்டும், அந்தப் பக்கம் போய்த் தேடலாமா? பக்கத்தில் எயார் போர்ஸ். காவலில் நிற்பவருக்கு 'ஒரு சின்னப் பெட்டி தேடுகிறேன்' என்று சொல்லிப் பாருங்கோ.

பழைய இரும்பு:
இங்கிலாந்தில் கோல்புரூக்டேலுக்குப் போயிருக்கிறேன். 1709இல் ஏபிரகாம் டார்பி கற்கரி போட்டு இரும்பு உருக்கிய உலை இன்னும் நிற்கிறது, சுற்றிவர அருங்காட்சியகம், பிள்ளைகள் ஓடித் திரிகின்றன. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்ட ஊர் இது. நாங்கள் இந்தத் தாங்கிகளைப் பற்றைக்குள் விட்டிருக்கிறோம்.

கொட்டியாரக்காரன்:
எல்லாம் சும்மா கிடக்கவில்லை. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 தாங்கி இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. எண்ணெய் இருக்கிற இடத்தில் பிள்ளைகளை ஓட விடுவீர்களா?

பழைய இரும்பு:
எண்ணெய் கீழ்ப்பக்கத்துத் தாங்கிகளில். நான் சொல்வது மேல்பக்கம். ஒன்றையாவது துப்புரவாக்கி ஒரு பலகை நட்டால் என்ன குறைந்துவிடும்?

திசைகாட்டி:
இழை கேச் பற்றியது. காணிக்காரரின் அனுமதி இல்லாமல் கேச் வைக்கக்கூடாது என்பது விதி. இலக்கம் வேலிக்குள் போனால் திரும்பி வரவேண்டியதுதான்.

உப்புவெளிப் பெடியன்:
இடைவெளி விட்டுப் போட்டேன், வந்தது. வேலிக்கு வெளியே, வீதியோர மதகின் கம்பிக்கு அடியில் காந்தத்தால் ஒட்டியிருந்தது. கறுப்பு, தீப்பெட்டியிலும் சின்னன். குறிப்பில் 'இரும்பைத் தடவு' என்று இருந்தது. கண்டெடுத்தவர் பெயர் எழுதும் தாள் நனைந்து பேனை எழுதவில்லை. படம் எடுத்து அனுப்பினால் சேருமா?

ஆலங்கேணி அக்கா:
அந்தக் குறிப்பைத்தானே முதலே கேட்டேன்! வைத்தவருக்குப் படத்தை அனுப்புங்கோ, பெரும்பாலும் ஏற்பார். அடுத்தமுறை பென்சில் கொண்டுபோங்கோ.

பழைய இரும்பு:
கடைசியில் இரும்புதானே? நான் சொன்னேன்.