‘பிளாக் டைம்’ – பறப்பு நேரமா?

ஐயா,

விமானத் துறையின் ‘பிளாக் டைம்’ (block time) என்ற சொல்லுக்குத் தமிழில் ‘பறப்பு நேரம்’ போதும் என்று நீங்கள் சொன்னதை ஏற்க முடியவில்லை. சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரைதான் பறப்பு. பிளாக் டைமோ, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகர்ந்தது முதல், இறங்கி, ஊர்ந்து, நின்று, திரும்பக் கட்டை வைக்கும் வரை. குழப்பம் ஆங்கிலத்திலேயே உண்டு. பன்னாட்டுக் குடிமை வான்போக்குவரத்து அமைப்பு விமானங்களுக்கு ‘ஃபிளைட் டைம்’ என வரையறுப்பதே இந்தக் கட்டைக்குக் கட்டை நேரத்தைத்தான். அதை நாமும் சுமக்க வேண்டாம்.

எடுத்துக்காட்டாக, நார்வேயின் டிரோம்சோவிலிருந்து, அதன் வடக்கே ஆர்க்டிக்கிலுள்ள ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் லாங்இயர்பியனுக்குப் போகும் தடத்தைப் பாருங்கள். அகலாங்குகள் 69°41', 78°15'. வேறுபாடு 8°34', அதாவது 514 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). ஒரு கலை ஏறத்தாழ ஒரு கடல்மைல் (1,852 மீட்டர்). நெட்டாங்கு வேறுபாடு மூன்றரை பாகை இருந்தும், அவ்வளவு வடக்கே நெட்டாங்குகள் நெருங்கிவிடுவதால் அது கூட்டுவது மூன்றே கடல்மைல். ஆகப் பெருவட்டத் தொலைவு, அதாவது புவிப்பரப்பின் மேல் மிகக் குறுகிய தொலைவு, 517 கடல்மைல், சுமார் 958 கி.மீ.

சராசரி வேகம் 430 நாட் (மணிக்கு 430 கடல்மைல்) என்று கொண்டால் 72 நிமிடம். எதிர்காற்று 60 நாட் அடித்தால் 84. பின்காற்று அதே அளவென்றால் 63. லாங்இயர்பியன் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடப்பதால், தெற்கிலிருந்து வரும் விமானம் திரும்பித்தான் இறங்க வேண்டும்; அதற்கும் சில நிமிடம். இவ்வளவும் வான்நேரம். தரையில் ஊர்வது இதற்கு மேல். புறப்படுமுன் விமானத்தின் மேல் படிந்த பனியை அகற்றும் பனிநீக்கம்தான் கவனிக்க வேண்டியது. நின்ற இடத்திலேயே பனியை உருக்கும் கிளைக்கால் (glycol) கரைசலைத் தெளித்தால் அது ‘பிளாக் டைமில்’ சேராது. நகர்ந்து போய்த் தனி மேடையில் தெளித்தால் சேரும். அதே பனி, அதே கரைசல், கணக்கு மட்டும் வேறு.

என் பரிந்துரை: கட்டைநேரம்.

மறுமொழி:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. வரையறையில் மாற்றுக் கருத்தில்லை, சொல்லில்தான் தயக்கம். ‘கட்டையில போறது’ என்று வைகிற மொழியில் பயணிக்குக் ‘கட்டைநேரம் 1 மணி 40 நிமிடம்’ என்று அறிவிக்க முடியாது. கோயில் தேரிடம் போவோம். தேர் நிலையிலிருந்து புறப்படுகிறது, நிலைக்கு வந்து சேர்கிறது. விமானம் நிற்கும் இடத்தையும் ‘நிலை’ என்றால் ‘நிலையிடை நேரம்’ தானாகக் கிடைக்கிறது. நடுவே முட்டுக்கட்டை போட்டுத் தேரை நிறுத்தினாலும் நிலை சேரும் வரை தேரோட்டம்தானே? தனி மேடைப் பனிநீக்கமும் அப்படியே உள்ளே அடங்குகிறது.

‘பயண நேரம்’ தனியாகவே இருக்கட்டும். ஸ்வால்பார்டு, கடவுச்சீட்டுச் சோதனையின்றி நாடுவிட்டு நாடு போகக்கூடிய ஐரோப்பிய ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், ஆஸ்லோவிலிருந்து டிரோம்சோ வழியாகப் போகிறவர்கள் அங்கே இறங்கிக் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு ஏற வேண்டும். அந்தக் காத்திருப்பு இரண்டு நிலையிடை நேரங்களுக்கும் வெளியே விழுகிறது.

ஒரே எச்சரிக்கை: ‘விமானநிலை’ என்று நீட்டினால் ‘விமான நிலைய’த்தோடு மயங்கும். வெறும் ‘நிலை’, பக்கத்தில் எண்: ‘நிலை 4’.