ஆட்வேரா, ஸ்பைவேரா? மும்பையில் நாங்கள் பார்த்தவை

சயான், கம்ப்யூட்டர் சர்வீஸ்

என்னிடம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "வைரஸ் வந்துடுச்சு, ஃபார்மட் அடிச்சுக் குடுங்க." வந்திருப்பது எது என்று பார்க்காமல் ஃபார்மட் அடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆட்வேர், அதாவது விளம்பரம் காட்டிக் காசு பார்க்கும் மென்பொருள் என்றால் பெரும்பாலும் ஃபார்மட் தேவைப்படாது. ஸ்பைவேர், அதாவது ஒளிந்திருந்து உளவு பார்க்கும் மென்பொருள் என்றால் ஃபார்மட் மட்டும் போதாது. இது தெரியாமல் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. அதனால்தான் இந்த உரையாடலைத் தொடங்குகிறேன், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

தாராவியில் தோல் பை தைத்து விற்கும் அண்ணாச்சி ஒருவர் லேப்டாப்புடன் வந்தார். திரையின் வலது ஓரம் கீழே "உங்கள் கணினியில் வைரஸ்" என்று பெட்டி மேல் பெட்டியாக எழும்பிக்கொண்டே இருந்தது. குரோமில் கூகுளுக்குப் பதிலாகக் கேள்விப்படாத ஏதோ தேடல் பக்கம். எங்கே தொட்டாலும் ரம்மி விளம்பரம். "பேங்க்ல இருக்கிற காசு போயிருமா தம்பி?" என்று பதறினார்.

அந்தப் பெட்டிகள் வைரஸே இல்லை. ஏதோ படம் பார்க்கும் தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கிறது, அழுத்திவிட்டார். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கியதும் நின்றுபோனது. தேடல் பக்கத்தை மாற்றியது அவர் இறக்கிய இலவச பிடிஎஃப் கன்வெர்ட்டர். அதே இன்ஸ்டாலரை என்னிடம் சோதனைக்கென்று இருக்கும் பழைய மெஷினில் ஓட்டி அவருக்கே காட்டினேன். நடுவில் பெரிய பச்சைப் பட்டனில் "எக்ஸ்பிரஸ்". அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற எழுத்தில் "கஸ்டம்". கஸ்டமை அழுத்தினால், ஒரு டூல்பார், பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் ஒரு கூப்பன் எக்ஸ்டென்ஷன், ஒரு "பிசி ஆப்டிமைசர்" மூன்றுக்கும் அவர்களே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கிளிக்குக்கும் யாரோ ஒருவருக்குக் காசு போகிறது. நம் கண்ணில் படாவிட்டால் ஆட்வேருக்குப் பிழைப்பே இல்லை.

ஆப்ஸ் பட்டியலைத் தேதிவாரியாக வைத்து அன்றைக்கு வந்ததை எல்லாம் எடுத்தேன், எக்ஸ்டென்ஷன்களை நீக்கினேன், ஆட்வேரைத் தேடி நீக்கும் அட்வ்கிளீனரை ஓட்டினேன். வேலை முடிந்தது.

மாட்டுங்கா, அக்கவுண்ட்ஸ்

எங்கள் ஆபீஸில் நடந்தது இதற்கு நேர்மாறு அண்ணா. விளம்பரம் இல்லை, மெஷின் மெதுவாகவும் இல்லை. எல்லாம் வழக்கம்போலத்தான் ஓடியது. திடீரென்று ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, "நீங்க சொன்ன புது அக்கவுண்ட்டுக்கே பணம் போட்டாச்சே" என்றார். நாங்கள் எந்தப் புது அக்கவுண்ட்டும் சொல்லவில்லை. ஆனால் மெயில் எங்கள் ஐடியிலிருந்தே போயிருந்தது.

மெயில் செட்டிங்ஸைத் தோண்டியபோது யாரும் போடாத ஒரு ரூல் இருந்தது. "பேமென்ட்" என்ற சொல் வரும் கடிதங்களை எல்லாம் இணையச் செய்தி ஓடைகளுக்கென்று மெயிலில் இருக்கும், யாருமே திறக்காத ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்குத் தள்ளிவிடுகிற ரூல். வாடிக்கையாளர் சந்தேகப்பட்டுக் கேட்ட பதில்கள் அத்தனையும் அங்கேதான் கிடந்தன. நாங்கள் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

வந்த வழி, இன்வாய்ஸ் என்று வந்த ஓர் அட்டாச்மென்ட். பெயரின் கடைசியில் பிடிஎஃப் என்று தெரிந்தது, அதற்குப் பின்னால், திறந்ததும் ஓடும் புரோகிராம் என்பதைக் காட்டும் இஎக்ஸ்இ ஒளிந்திருந்தது. விண்டோஸ் இந்தக் கடைசிப் பகுதியைத் தானாகவே மறைத்துத்தான் வைக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் "வியூ" போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை ஆன் செய்யுங்கள், எல்லா ஆபீஸிலும் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும். உள்ளே இருந்தது தட்டும் எழுத்துகளைப் பதிவு செய்து வெளியே அனுப்பும் கீலாகர். எங்கள் ஆபீஸ் பையன் மெஷினை உடனே ஃபார்மட் அடித்தான். பாஸ்வேர்டு ஏற்கெனவே திருடர்கள் கையில் இருந்ததால் அதற்குப் பிறகும் மெயிலுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

சயான், கம்ப்யூட்டர் சர்வீஸ்

அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். ஸ்பைவேர் என்று சந்தேகம் வந்தால் செய்கிற வரிசை மாற வேண்டும். முதலில் அந்த மெஷினில் நெட்டைத் துண்டியுங்கள். வேறு சுத்தமான போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அப்புறம் பேங்க். மெயிலில் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். இப்போது வரும் தகவல் திருடும் மென்பொருள்கள், நாம் ஏற்கெனவே லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்க பிரவுசரில் இருக்கும் குக்கீயையே எடுத்துக்கொண்டு போகின்றன, அதை வைத்துப் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே உள்ளே வரலாம். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணம் கை மாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால் மெஷினில் கை வைக்காதீர்கள், அதுதான் சாட்சி. ஃபார்மட் கடைசி.

தாராவி, ஜெராக்ஸ் கடை

எங்கள் கடையில் பிள்ளைகள் ஸ்காலர்ஷிப் ஃபார்ம், ரயில் டிக்கெட் எல்லாம் போடுவார்கள். ஒருநாள் தரை கூட்டும்போது சிபியு பின்னால் கீபோர்டு வயர் நேராகச் செருகியிருக்காமல், நடுவில் கட்டை விரல் நீளத்தில் ஒரு கறுப்புத் துண்டு இருந்தது. பிடுங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் தெரிந்த பையனிடம் காட்டினேன், கீலாகர் என்றான். யார் செருகினார்களோ தெரியாது. ஆன்டிவைரஸ் ஸ்கேனில் எதுவும் வரவில்லை, வரவும் வராதாம், ஏனென்றால் அது விண்டோஸுக்குள்ளேயே இல்லை. இப்போது சிபியு எல்லாவற்றையும் திருப்பி, பின்பக்கம் என் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

செம்பூர், மாணவி

அப்படியென்றால் ஆட்வேர் வந்தால் பயப்படவே வேண்டாமா?

சயான், கம்ப்யூட்டர் சர்வீஸ்

அப்படிச் சொல்ல முடியாதும்மா. எந்த விளம்பரத்தைக் காட்டலாம் என்று முடிவு செய்ய, நீ எங்கெங்கே போகிறாய் என்று அது பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கேயே எல்லை மங்கிவிடுகிறது. 2014-ல் விற்ற சில லெனோவோ லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளைக் கம்பெனியே போட்டுக் கொடுத்தது. பூட்டுக் குறி போட்ட பாதுகாப்பான பக்கங்களிலும் விளம்பரம் நுழைக்க, அது தன் சொந்தச் சான்றிதழை, அதாவது பக்கம் அசல்தான் என்று பிரவுசருக்கு உறுதி சொல்லும் டிஜிட்டல் அத்தாட்சியை, விண்டோஸுக்குள் வைத்தது. அந்தச் சான்றிதழின் ரகசிய சாவி எல்லா மெஷினிலும் ஒன்றேதான். 2015 பிப்ரவரியில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அந்தச் சாவியை வெளியே எடுத்துக் காட்டினார்கள். அதாவது, அதே வைஃபையில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவன் போலி பேங்க் பக்கத்தைக் காட்டினாலும் பிரவுசர் அசல் என்றே நம்பிவிடும். நோக்கம் விளம்பரம்தான், திறந்துவிட்டது உளவுக்கான வழி.

ஆகவே எக்ஸ்டென்ஷன் போடும்போது "எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்று அனுமதி கேட்டால் கொஞ்சம் நில். கூப்பன் தேடித் தருவதற்கு உன் பேங்க் பக்கத்தைப் படிக்க வேண்டிய அவசியம் கிடையாது. ஏற்கெனவே போட்டிருந்தால் பெயரை இங்கே எழுது, சேர்ந்து பார்ப்போம்.