ரெண்டு ரூட்டர் இருக்கிற வீட்டில் ஃபைல் ஷேரிங்: எங்கெங்கே மாட்டுகிறது?

நெட் மாடியிலும் வருகிறது, கீழேயும் வருகிறது, ஷேர் ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை. இந்த கேஸில் விண்டோஸைக் குடையும் முன் ரெண்டு கம்ப்யூட்டரிலும் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) அடியுங்கள். அந்தக் கம்ப்யூட்டரின் ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, தெரியும். கீழே 192.168.1.34, மாடியில் 192.168.0.102 என்று மூன்றாவது எண் மாறி வந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. நெட் கம்பெனி மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டியே ஒரு ரூட்டர்தான். அதிலிருந்து வரும் கேபிளை நம் ரூட்டரின் வேன் போர்ட்டில் (வெளி நெட் வருவதற்கான துளை) சொருகினால் வீட்டுக்குள் ரெண்டு தனி நெட்வொர்க் ஆகிவிடும்.

குழப்புவது என்னவென்றால், இது ஒரு பக்கம் வேலை செய்யும். மாடியிலிருந்து \\192.168.1.34 என்று ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அடித்தால் கீழே உள்ள ஃபோல்டர் திறக்கும். கீழிருந்து மாடிக்குத் திறக்காது. உள்ளிருந்து வெளியே போவதை மாடி ரூட்டரின் நாட் (உள்ளே உள்ள எல்லாக் கருவிகளையும் ஒரே முகவரியில் வெளியே அனுப்பும் வசதி) விட்டுவிடும், வெளியிலிருந்து தானாக வருவதைத் தடுத்துவிடும். பெயரைத் தேடும் செய்திகளும் ரூட்டரைத் தாண்டாது. அதனால் நெட்வொர்க் பட்டியலில் எதிர்ப்பக்கத்துக் கம்ப்யூட்டர் தெரியவே தெரியாது.

*

இதற்குச் சரியான வழி, மாடி ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்குவது, அதாவது தனி நெட்வொர்க் உண்டாக்காமல் கீழ் நெட்வொர்க்கையே மாடிக்கு நீட்டிக்க வைப்பது. செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லாத பழைய ரூட்டரில் கையால் செய்ய வேண்டும். வரிசை முக்கியம்.

முதலில் ரெண்டு ரூட்டருக்கும் நடுவில் உள்ள கேபிளைக் கழற்றுங்கள். மாடி ரூட்டரில் டிஹெச்சிபியை, அதாவது கருவிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் வேலையை, ஆஃப் செய்யுங்கள். பிறகு அதன் லேன் ஐபியை (வீட்டுக்குள் அந்த ரூட்டரின் முகவரி) 192.168.1.2 ஆக்குங்கள். கீழ் ரூட்டர் ஐபி கொடுக்கும் வரம்புக்குள் அந்த எண் வரக்கூடாது. வரம்பு 2-லிருந்தே தொடங்கினால் அதை 100-லிருந்து தொடங்கும்படி மாற்றிவிடுங்கள். கடைசியாகக் கீழ் ரூட்டரின் லேன் போர்ட்டிலிருந்து மாடி ரூட்டரின் லேன் போர்ட்டுக்குக் கேபிள். வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும். மாடியில் உள்ள ஃபோன், டிவி எல்லாவற்றிலும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், புது ஐபி வாங்கிக்கொள்ளும்.

டிஹெச்சிபியை அணைக்க மறந்துவிட்டு லேன் போர்ட்டில் கேபிளைச் சொருகினால்தான் பெரிய கூத்து. ரெண்டு ரூட்டரும் போட்டி போட்டு ஐபி கொடுக்கும். மாடி ரூட்டரைக் கேட்வேயாக (இன்டர்நெட்டுக்குப் போகும் வாசலாக) வாங்கிக்கொண்ட கருவிக்கு நெட் வராது, பக்கத்தில் உள்ளதற்கு வரும். கம்பெனிக்கு ஃபோன் போட்டால் லைன் நன்றாக இருக்கிறது என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான்.

*

மேலே சொன்னபடி மாற்றிய பிறகும் திறக்கவில்லை என்பவர்கள் கவனிக்க: கேட்வே மாறியதும் விண்டோஸ் இதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு பப்ளிக்கில் போட்டுவிடும். பப்ளிக்கில் ஷேரிங் அடைபட்டிருக்கும். ஃபோல்டர் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் செட்டிங்குக்குப் போய் பிரைவேட் ஆக்குங்கள். ஃபயர்வாலை முழுசாக அணைக்கத் தேவையே இல்லை.

பிங் (எதிர்க் கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று பார்க்கும் கமாண்ட்) வரவில்லை என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள், ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்திருக்கலாம். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் (Test-NetConnection) கமாண்டில் ஐபியையும், ஃபைல் ஷேரிங் ஓடும் 445 போர்ட்டையும் கொடுங்கள். கடைசி வரியில் ட்ரூ வந்தால் பாதை சரி. மிச்சம் இருப்பது பாஸ்வேர்ட் தகராறு.

*

அந்தப் பாஸ்வேர்ட் தகராறில் பாதி, பின் நம்பரால் வருவது. கம்ப்யூட்டரைத் திறக்கும் 4 இலக்க பின் நெட்வொர்க்கில் செல்லாது, மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழு பாஸ்வேர்ட்தான் கேட்கும். அதைவிட, ஷேரிங்குக்கென்றே பாஸ்வேர்டோடு ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, ஃபோல்டரின் ஷேரிங், செக்யூரிட்டி ரெண்டு டேபிலும் அந்தப் பெயருக்கு அனுமதி கொடுப்பது நிம்மதி.

ரூட்டரின் யூஎஸ்பியில் ஹார்ட் டிஸ்க் மாட்டியவர்களுக்கு வேறு சிக்கல். பழைய ரூட்டர் பலவற்றுக்கு எஸ்எம்பி1, அதாவது விண்டோஸ் ஃபைல் ஷேரிங் முறையின் பழைய பதிப்பு, மட்டும்தான் தெரியும். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அது புதிதாக நிறுவும்போது சேர்வதில்லை. திரும்ப ஆன் செய்யச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அதே ஆண்டு, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். டிஸ்க்கைக் கழற்றி ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி அங்கிருந்து ஷேர் செய்யுங்கள்.

*

டபுள் நாட்டை (ரெண்டு ரூட்டரும் தனித்தனி நெட்வொர்க்காக இருப்பதை) வைத்துக்கொண்டே 445 போர்ட்டை மாடி ரூட்டரில் மாடிக் கம்ப்யூட்டருக்கு ஃபார்வேர்ட் செய்தாலும் ஓடலாம், ஆனால் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும். ஃபைபர் பெட்டியில் மட்டும் 445-ஐத் திறந்துவிடாதீர்கள், வீட்டு ஃபோல்டர் நேராக இன்டர்நெட்டில் போய் நிற்கும்.

கெஸ்ட் வைஃபையில் இருக்கும் கருவிக்கு இதெல்லாம் செய்தாலும் ஃபோல்டர் தெரியாது. மற்ற கருவிகளைப் பார்க்கவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலையே.

*

எல்லாம் சரியாகி, காப்பி மட்டும் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவில்லையா? ரூட்டர் போர்ட் 100 எம்பிபிஎஸ். 4 ஜிபி படத்துக்கு 6 நிமிடம் ஆகும். ரெண்டு ரூட்டரும் கிகாபிட் என்றால் கேபிள் முனையைப் பாருங்கள்: 8 கம்பியில் 4 மட்டும் க்ரிம்ப் செய்திருந்தால் இதே வேகம்தான் வரும்.