மேலத்தெரு வீடு குழு: சனிக்கிழமை டிக்கெட்

*26 நவம்பர் 2024, செவ்வாய்*

பிரவீன்: யாராவது முழித்திருக்கிறீர்களா? ஒரு சின்னப் பிரச்சினை.

முருகேசன் மாமா: இங்கே கொலம்பஸில் ராத்திரி மணி எட்டரைதான். சொல்.

பிரவீன்: சனிக்கிழமை இங்கே நடக்கும் ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தேன். மாமா வீட்டுக்கு வந்திருக்கும் பெரியப்பாவுக்கும் எனக்கும். பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை.

சரசு அத்தை: எவ்வளவு?

பிரவீன்: ஒன்று 260 டாலர்.

செல்வி: ஆக 520!

ராஜா அத்தான்: சிங்கப்பூரில் காலை காபி தொண்டையில் நின்றுவிட்டது.

முருகேசன் மாமா: யாரிடம் எடுத்தாய்?

பிரவீன்: பழைய சாமான் வாங்கி விற்கும் குழு ஒன்றில் ஒருவன் போட்டிருந்தான். அம்மா ஆஸ்பத்திரியில், அதனால் போக முடியவில்லை என்றான். பேங்க் ஆப்பில் அனுப்பினேன். டிக்கெட் படம் ஒன்று அனுப்பினான். அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டான்.

சரசு அத்தை: ஐயோ பாவம். அவன் அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறதாம்?

செல்வி: அத்தை 🤦🏽‍♀️

முருகேசன் மாமா: பிரவீன், இதை முதலில் புரிந்துகொள். இப்போது காகித டிக்கெட்டே கிடையாது, எல்லாம் போனில்தான். அந்த பார்கோடு சில வினாடிக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கேட்டில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விற்கிறவன் தன் கணக்கிலிருந்து உன் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும், நீ அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் அது உன் டிக்கெட். "படம் அனுப்புகிறேன்" என்று ஒருவன் சொன்ன உடனேயே நீ எனக்குப் போன் செய்திருக்க வேண்டாமா? நான் இந்த ஊரில் 25 வருஷமாக இருக்கிறேன்.

பிரவீன்: உங்களுக்கு சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்றுதான்.

ராஜா அத்தான்: இருந்ததே.

செல்வி: அந்தப் படத்தைப் போடு.

பிரவீன்: 📷

செல்வி: இதில் நவம்பர் 26, சனி என்று இருக்கிறதே?

ராஜா அத்தான்: அங்கே இன்றைக்குத்தானே 26?

செல்வி: இன்றைக்கு அங்கே செவ்வாய், அத்தான்.

கவிதா அக்கா: நவம்பர் 26 சனிக்கிழமை வந்தது 2022இல். கொலம்பஸில் வந்து நாங்கள் 45–23 என்று ஜெயித்த ஆட்டம். டேய், இரண்டு வருஷத்துக்கு முந்தின டிக்கெட்டை வாங்கியிருக்கிறாய் 😂😂😂

முருகேசன் மாமா: "நாங்கள்" என்றால் யார்? நீ ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் எம்.எஸ். படித்தாய், அவ்வளவுதான்.

கவிதா அக்கா: மூன்று வருஷமாக யார் ஜெயிக்கிறார்கள் மாமா?

முருகேசன் மாமா: இந்த வருஷம் பார்.

கவிதா அக்கா: போன வருஷமும் இதையேதான் சொன்னீர்கள்.

சரசு அத்தை: காலேஜ் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கவா இவ்வளவு ரூபாய்?

முருகேசன் மாமா: இது சும்மா காலேஜ் ஆட்டம் இல்லை. 1897இல் ஆரம்பித்தது. இந்த ஸ்டேடியத்தில் 1,02,780 பேர் உட்காரலாம், அப்படியும் இடம் இல்லை. பகை அதற்கும் முன்னாலேயே உண்டு. 1835இல் டொலீடோ ஊர் யாருக்கு என்று இரண்டு பக்கமும் படையே திரட்டினார்கள். கடைசியில் டொலீடோ ஒஹாயோவுக்கு, மேல் தீபகற்பம் மிச்சிகனுக்கு என்று பிரித்துவிட்டார்கள். இந்த வாரம் ஒஹாயோ ஸ்டேட் வளாகத்துப் பலகைகளில் மிச்சிகனின் முதல் எழுத்தான எம் எங்கே இருந்தாலும் சிவப்பு டேப் ஒட்டி அடித்துவிடுவார்கள்.

ராஜா அத்தான்: அப்படியானால் மாமா இந்த வாரம் உருகேசன்.

செல்வி: 🤣🤣

ராஜா அத்தான்: டொலீடோ கதை நம் மேற்கு வேலித் தகராறு மாதிரியே இருக்கிறது. அவர்களாவது பிரித்துவிட்டார்கள்.

சரசு அத்தை: ராஜா, காலையிலேயே அதை ஏன் இழுக்கிறாய்.

முருகேசன் மாமா: நானும் ஞாயிற்றுக்கிழமை ஒரு தளத்தில் பார்த்தேன். 310 என்று காட்டியது. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் சேவைக் கட்டணம் அது இது என்று 392. ஓரத்தில் ஒரு கடிகாரம் வேறு ஓடுகிறது. கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்த இரண்டு இடமும் போய்விட்டது. மறுபடி பார்த்தால் பக்கத்து வரிசை 345.

ராஜா அத்தான்: தட்கல்.

செல்வி: தட்கலில் மாமா கில்லாடி ஆயிற்றே. சங்கரி கல்யாணத்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் 12 பேருக்கும் போட்டாரே.

ராஜா அத்தான்: மறுநாளைக்கு.

முருகேசன் மாமா: அது ஏஜென்ட் செய்த தப்பு. ஆயிரம் தடவை சொல்லியாயிற்று.

சரசு அத்தை: நான் அன்ரிசர்வ்டில் விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தேன். அப்புறம்தான் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான்.

பிரவீன்: என் ரூம்மேட் மாணவர் டிக்கெட் தருகிறேன் என்கிறான். 100 டாலர்தான்.

முருகேசன் மாமா: வேண்டாம். அதற்குக் கேட்டில் மாணவர் அடையாள அட்டை கேட்பார்கள்.

ராஜா அத்தான்: பெரியப்பா, 71 வயது, பி.எச்.டி. முதலாம் ஆண்டு.

கவிதா அக்கா: பிரவீன், முதலில் பேங்குக்குப் போன் செய். அப்புறம் போலீஸ் தளத்தில் புகார் போடு. பணம் வருமோ வராதோ, எழுதி வை.

பிரவீன்: நாளைக்குச் செய்கிறேன்.

கவிதா அக்கா: இன்றைக்கு.

பிரவீன்: 👍

சரசு அத்தை: கவிதா, அண்ணன் பெட்டியில் உனக்குக் கருப்பட்டி வைத்து அனுப்பினேனே, வந்ததா?

கவிதா அக்கா: எந்தக் கருப்பட்டி?

சரசு அத்தை: முருகேசா?

முருகேசன் மாமா: பாதி இருக்கிறது.

சரசு அத்தை: மூன்று கிலோ.

முருகேசன் மாமா: இங்கே தீபாவளிக்கு அதிரசம் போட்டோம். பெயர் எழுதி வைத்திருந்தால் தெரிந்திருக்கும். சரி, அது இருக்கட்டும். டிக்கெட்டே இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் ஸ்டேடியம் பக்கத்திலேயே செயின்ட் ஜான் அரீனாவில் பல்கலைக்கழக பேண்டு வாசிப்பார்கள். இலவசம். முந்தினவர்களுக்கு இடம். உன் பெரியப்பாவுக்கு ஆட்டத்தைவிட பேண்டுதான் பிடிக்கும். இதே பேண்டுதான் மைதானத்தில் வரிசையாக நடந்தே ஒஹாயோ என்று எழுதிக் காட்டும். கடைசியில் பெரிய குழல் வாத்தியக்காரர் ஒருவர் போய் ஐ எழுத்துக்குப் புள்ளியாக நிற்பார். அதை மட்டும் வீட்டுக்கு வந்து யூடியூபில் காட்டிவிடலாம்.

செல்வி: முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே மாமா.

முருகேசன் மாமா: யார் கேட்டீர்கள்?

பெரியப்பா: எனக்கு டிக்கெட் வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பேண்டு எத்தனை மணிக்கு?

முருகேசன் மாமா: ஆட்டம் மதியம் 12 மணிக்கு. அதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே பேண்டு. பார்க்கிங் கிடைக்காது, வீட்டிலிருந்து ஏழு மணிக்கே கிளம்ப வேண்டும் அத்தான்.

பெரியப்பா: குளிருமா?

முருகேசன் மாமா: உறைகிற குளிர்தான்.

பெரியப்பா: பார்க்கலாம்.

செல்வி: 12 என்றால் எங்களுக்கு ராத்திரி பத்தரை. ஸ்கோர் மட்டும் போடுங்கள்.

பிரவீன்: நான் பெரியப்பாவைக் கூட்டிப் போகிறேன்.

முருகேசன் மாமா: நீ பேங்குக்குப் போன் செய்தாயா?

கவிதா அக்கா: நான் வெள்ளி ராத்திரி காரில் வந்துவிடுவேன். மிச்சிகன் நீல ஸ்வெட்டரில்தான்.

முருகேசன் மாமா: வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வா.

கவிதா அக்கா: மீதிக் கருப்பட்டியை எடுத்து வையுங்கள்.

முருகேசன் மாமா: மாமி தூங்கிவிட்டாள். காலையில் கேட்டுச் சொல்கிறேன்.