நிக்கல் நானோகம்பி: எளிய அச்சு ஏன் படுத்துவிட்டது?

கம்பிக்காரன்:
ஆக்ஸாலிக் அமிலத்தில் 40 வோல்ட்டில் செய்த அலுமினா வார்ப்பு (நிக்கலை மின்முறையில் நிரப்பிக் கம்பி வளர்க்கும் நுண்துளைத் தகடு), துளைக்குத் துளை இடைவெளி 105 நானோமீட்டர். நிக்கல் சரியாக நிரம்பவில்லை என்று பாஸ்பாரிக் அமிலத்தில் துளைகளின் விட்டத்தை 70 நானோமீட்டர் வரை அகலப்படுத்தினேன். இப்போது அழகாக நிரம்புகிறது. ஆனால் தயக்கக் கண்ணியை (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் மாறும் வரைபடம்) பார்த்தால் குழப்பம். கம்பிக்கு இணையாகப் புலம் கொடுத்தால் 2500 ஓர்ஸ்டெட்டை (காந்தப்புல அலகு) தாண்டித்தான் தெவிட்டுகிறது, அதாவது முழுதாகக் காந்தமாகிறது. குறுக்கே கொடுத்தால் 1800 பக்கமே போதும். நீளமான கம்பி நீளவாக்கில்தானே எளிதில் காந்தமாக வேண்டும், அதுதானே அதன் எளிய அச்சு? மாதிரியைத் திருப்பி வைத்துவிட்டேனோ என்று மூன்று முறை பார்த்துவிட்டேன்.

புலவன்2:
நிக்கல் வழிந்து மேலே காளான் மாதிரி படர்ந்திருக்கும். அந்தப் படலத்தின் காந்தம் தளத்திலேயே படுத்துக்கொள்ளும்.

கம்பிக்காரன்:
இல்லை. வழிந்தால் மின்னோட்டம் சட்டென்று ஏறும். அதற்கு வெகு முன்பே நிறுத்திவிட்டேன்.

பழைய ஆய்வகம்:
அளவீடு சரி, மாதிரியும் சரி. இதே இடத்தில் நானும் ஒரு மாதம் தொலைத்திருக்கிறேன், அதுவும் கருவிமேல் பழி போட்டுக்கொண்டு. நீங்கள் அளப்பது ஒரு கம்பியை அல்ல, ஒரு கூட்டத்தை. இரண்டு சட்டக் காந்தங்களை வடக்கோடு வடக்காகப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று திரும்பிக்கொள்ளத் துடிக்கும். இங்கே கோடிக்கணக்கில் அப்படி நிற்கின்றன.

கணக்கும் சின்னதுதான். அறுகோண அடுக்கில் நிரப்பு விகிதம், அதாவது பரப்பில் கம்பிகள் பிடிக்கும் பங்கு, 0.907 × (விட்டம்/இடைவெளி)². உங்களுக்கு 0.40. தனிக் கம்பி என்றால் நிக்கலுக்கு வடிவத்தால் வரும் திசைப்புலம் (காந்தத்தை நீளவாக்கில் பிடித்து வைக்கும் புலம்) சுமார் 3000 ஓர்ஸ்டெட். கூட்டத்தில் அதை (1 − 3 × விகிதம்) ஆல் பெருக்க வேண்டும். விகிதம் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் குறி மாறி, எளிய அச்சு குறுக்கே சாய்ந்துவிடும். உங்களுக்கு மைனஸ் 600 வருகிறது. குறுக்கே தெவிட்டல் 3000 × (1 − 0.40), அதாவது உங்களுடைய அதே 1800.

கோபால்ட் என்றால் படிக அமைப்பு விரும்பும் அச்சும் சேர்ந்து கழுத்தறுக்கும். நல்லவேளை, நிக்கலில் அந்தத் தொல்லை குறைவு.

கம்பிக்காரன்:
அடடா, நிரப்ப வேண்டும் என்று அகலப்படுத்தியதுதான் வினையா! அகலப்படுத்தாத துண்டு ஒன்று கிடக்கிறது, விட்டம் 40. நிரம்பியது பாதிதான்.

பழைய ஆய்வகம்:
நீளம் குறைந்தால் பரவாயில்லை, விட்டத்தைவிடப் பல மடங்கு இருந்தால் போதும். ஆனால் துளைகளே பாதி காலி என்றால் விகிதமும் பாதியாகிவிடும், கவனம். எல்லாத் துளையும் நிரம்பியிருந்தால் விகிதம் 0.13, குறுக்கே 2600 வர வேண்டும். அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.